படம் எப்படிங்க இருக்கு?

"அது விண்கலமா? எங்க மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கு இறக்கை வச்ச மாதிரி இருக்கு!" என்றார் மீசைக்காரர் ஒருவர். மதியக் காட்சி முடிந்து வெளியே வந்த இருபது பேரும் சிரித்தார்கள்.

"தண்ணித் தொட்டி இல்லண்ணே. வாஷிங் மெஷின் டிரம் ரெண்டை ஒட்டவச்சு வெள்ளி பெயின்ட் அடிச்சது," என்றான் தொப்பி போட்டிருந்த இளைஞன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

தியேட்டர் வாசலில் ரசிகர்களின் கருத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த சேனல் தொகுப்பாளினிக்குக் கண் பளிச்சிட்டது. இப்படி ஓர் ஆள் சிக்கினால் விடுவாளா? வயர் இல்லாத குட்டி மைக்கை அவன் சட்டையில் மாட்டி, கேமராவுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"நீங்க சொல்லுங்க. படம் எப்படிங்க இருக்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "சும்மா சொல்லு தம்பி" என்று மீசைக்காரர் உசுப்பேற்றினார். அவ்வளவுதான். தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக் கிழிக்க ஆரம்பித்தான்.

"பூமியைப் பிடிக்க வந்த ரோபோ, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு முழிக்குதாம். அதைவிட நாமதான் அதிகமா முழிச்சோம். அது அழுதா கண்ணுல எண்ணெய் வருது. பிடிச்சு வச்சா நாலு சைக்கிளுக்குப் போடலாம். காமெடிப் படம்னு போஸ்டர்ல போட்டிருக்காங்க. நல்லவேளை போட்டாங்க, இல்லன்னா யாருக்குத் தெரியும்?"

கைதட்டல், விசில். தொகுப்பாளினி மனதுக்குள் தலைப்பே போட்டுவிட்டாள்: 'ரோபோவைக் கழற்றி மாட்டிய ரசிகர்!' அவள் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பார்த்தவர்களின் வாயைப் பிடுங்குவதுதான் அவளுக்கு வேலை.

"அம்மா, நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?"

அறுபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பத்திரமாக மடித்து வைத்த டிக்கெட். மைக் அவருடைய சட்டைப்பைக்கு மாறியது.

"படம் நல்லா இருக்கும்மா. அந்த ரோபோ கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கப் பழகுதே, அங்க நான் நிஜமாவே சிரிச்சேன். கையில காசு இல்லாம எடுத்திருக்காங்க, அது தெரியுது. ஆனா மனசு வச்சு எடுத்திருக்காங்க. நாளைக்கும் கூட்டம் வரலன்னா படத்தைத் தூக்கிடுவாங்களாம், கவுன்டர்ல சொன்னாங்க. அதனால எல்லாரும் ஒரு தடவை வந்து பாருங்க."

"சிரிச்சது நீங்க ஒருத்தர்தான், பெரியவரே!" இளைஞன் குறுக்கே புகுந்தான். "மத்தவங்க நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க. உங்க சிரிப்புச் சத்தத்துலதான் பதறி எழுந்தாங்க."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று.

தொகுப்பாளினியும் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டாள். "உண்மையைச் சொல்லுங்க சார். டைரக்டர் உங்களுக்குச் சொந்தமா?"

மறுபடியும் சிரிப்பு. பெரியவர் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார், கடைசியாக இளைஞனையும் பார்த்தார். அவன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. டிக்கெட் எடுத்துப் பார்த்தவன், அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "நான் சொன்னதையும் போடுவீங்கல்ல?"

"கட்டாயம் போடுவோம் சார்."

போடமாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, வண்டிகள் நிற்கும் பக்கம் மெல்ல நடந்தார். வயதான மனிதரை நிற்கவைத்து நாலு பேர் சிரிக்கும்படி செய்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. அடுத்த ஆளைத் தேடியதில் அதுவும் மறந்துபோயிற்று.

கூட்டம் கலைந்த பிறகுதான் கேமராக்காரர் கேட்டார். "மைக் எங்க?"

பெரியவரின் சட்டைப்பையிலேயே போய்விட்டது! மைக்கில் பேசுவதைக் கேட்கத் தன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடினாள். முதலில் வெறும் மூச்சுச் சத்தம். அப்புறம் சாவிக்கொத்து குலுங்கும் ஓசை. அதன்மேல் இன்னொரு குரல்.

அதே இளைஞன்! பேசியது போதாதென்று இங்கேயும் துரத்திக்கொண்டு வந்துவிட்டானா? தூரத்தில் பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பக்கத்தில் இருவரும் நிற்பது தெரிந்தது. இளைஞனின் தொப்பி இப்போது அவன் கையில் இருந்தது.

"ரொம்பக் கேவலமாப் பேசிட்டேன்."

"விடு. அத்தனை பேர் சிரிக்கும்போது யாருக்கும் வாய் நீளும்."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். பரவாயில்லை, நல்ல பையன்தான் என்று நினைத்தாள். தனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே சொல்லல. நான் எப்படிச் சொல்றது?"

அவளுடைய கால்கள் அப்படியே நின்றுவிட்டன. இன்னொருவர் பேச்சை ஒட்டுக்கேட்கிறோமே என்று உடம்பு கூசியது. ஹெட்போனைக் கழற்றக் கை போனது, ஆனால் கழற்றவில்லை.

காதில் விசும்பல் கேட்டது. பெரியவர்தான் அழுகிறார் என்று நினைத்தாள். ஆனால் பேசியது இளைஞனின் குரல்.

"அப்பா, என் படம்னு சொல்லிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."