கோடு வரைக்கும் பால்

"தண்ணி கலந்துட்டு எதிர்த்து வேற பேசறியா?"

"கலக்கவே இல்லை சார், என் மாட்டு மேல சத்தியமா..."

"மாட்டை ஏன் இழுக்கிறே? லாக்டோமீட்டர் பொய் சொல்லுமா?"

வாசலில் நின்ற பால்காரம்மா கேனைக் கீழே இறக்கி வைத்தாள். ஊரெல்லாம் கலப்படம் பிடிக்கிற உணவு ஆய்வாளர் வீட்டுப் பாலிலேயே தண்ணீர்! அவர் யாரையும் நம்பாதவர். அளவு குறையக் கூடாதென்று வீட்டுப் பால் பாத்திரத்தில் ஆணியால் கோடே கீறி வைத்திருந்தார். இன்றும் பால் கோடு வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய கேனைத் திறந்து சோதித்தார். சுத்தமான பால்.

"ஓஹோ! ஊருக்கு நல்ல பால், எனக்கு மட்டும் தண்ணிப்பாலா? இன்னியோட உன் லைசென்ஸ் காலி!"

அவள் கண் சமையலறைப் பக்கம் ஓடியது. கை முந்தானைக்குள் எதையோ மறைத்தது. விடுவாரா? பிடுங்கினார். சின்னத் தூக்கு, அதிலும் பால். சோதித்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இது எந்த மகாராணிக்கு?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார்."

மனைவி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"அவளை விடுங்க. ஒரு டம்ளர் பாலை எடுத்துட்டு, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினது நான். இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டாள்னு விரட்டிவிட்டீங்களே நம்ம பொண்ணை, அந்த மகாராணிக்குத்தான் தினம் இவ கொண்டுபோறா. அவளுக்கு இது ஏழாம் மாசம். இவ லைசென்சைப் பறிச்சிட்டா, நாளையிலேருந்து தூக்கை நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?"