மூக்குக்கு முன்னால் ஒரு அங்குலம்

"வேகமாக் குத்துங்க. மூக்குக்கு ஒரு அங்குலம் முன்னாடி நிறுத்திடுங்க. நான் கண்ணைச் சிமிட்டக் கூடாது, அவ்வளவுதான்," என்றாள் தபால்காரரின் மனைவி.

தபால்காரர் தயங்கித் தயங்கி முஷ்டியை ஓங்கினார். ஆயுசில் ஒரு நாயைக்கூட அதட்டியறியாத மனிதர். அவள் கராத்தே வகுப்பில் சேர்ந்த இந்த மூன்று மாதமும் தினம் காலையில் அவருக்கு இதே பாடுதான்.

குத்து வந்து நின்றது. அவள் இமை அசையவில்லை. அவர்தான் ஓரடி பின்வாங்கினார். தான் மறந்துபோன அவள் பிறந்தநாள், அவள் தம்பியைப் பற்றி உளறியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

"மாஸ்டர் என்ன சொன்னார்?"

"அடுத்த வாரம் அடிக்கச் சொல்லித் தரேன்னார். வேண்டாம், இதுவே போதும், நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப யாரை அடிக்க இவ்வளவு பாடு?"

அவள் அலமாரியிலிருந்து தங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இதுல ஒரு படத்துலயாவது நான் கண்ணைத் திறந்திருக்கேனான்னு பாருங்க. ஃப்ளாஷ் அடிச்சாலே மூடிக்குது. பொண்ணு கல்யாணத்துலயாவது கண்ணு தெரிய நிக்க வேண்டாமா?"

தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெண்ணின் கல்யாண ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் மனைவியின் கண்கள் பளிச்சென்று திறந்திருந்தன. ஒரு படத்தில் மட்டும், தபால்காரரின் சட்டைக் காலரைச் சரிசெய்ய அவள் கையைத் தூக்கியிருந்தாள். பக்கத்தில் அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, பூங்கொத்தை மூக்குக்கு முன்னால் பிடித்திருந்தார்.