வராதவர்கள் கணக்கு

"இருக்கிற இடத்தைவிட அதிகமா டிக்கெட் விக்கச் சொன்னீங்களே சார், இன்னிக்கு அத்தனை பேரும் வந்து நிக்கறாங்க!" படகுத்துறை குமாஸ்தா ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் எரிந்து விழுந்தார்.

"சும்மா கத்தாதய்யா," என்று சீறினான் தலைமை அலுவலகப் புள்ளியியல்காரன். "வர்றதும் வராததும் அவங்கவங்க இஷ்டம். மணி வடிவ வளைகோடு போட்டுப் பாத்தாச்சு. அஞ்சாறு பேராவது வரமாட்டாங்க."

"தனித்தனி ஆளா இருந்தா சரி. மொத்தப் படகும் ஒரே கல்யாணக் கோஷ்டி!"

"இடமில்லாம எத்தனை பேர்?"

"நெருக்கி உட்கார வச்சதுபோக ஒருத்தங்கதான். சொந்தக்காரங்களையெல்லாம் ஏத்திவிட்டுட்டுக் கடைசியா வந்தாங்க."

"ஒரு ஆளெல்லாம் என் வளைகோட்டுல தூசி. விட்டுட்டுக் கிளம்பச் சொல்லு."

படகு கிளம்பும் சத்தம் கேட்டது. குமாஸ்தாவிடமிருந்து யாரோ போனைப் பிடுங்கினார்கள். அவனுக்கு நன்கு பழகிய பெண் குரல்.

"அந்தத் தூசி நான்தான். நாளைக்கு மணமேடையில உங்க வளைகோட்டையே பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க, மாப்பிள்ளை சார்!"