கையசைத்த பெண்

“ஏங்க, ஏரோப்ளேன் வந்துடுச்சா?”

“இன்னும் பேரே போட ஆரம்பிக்கல. அதுக்குள்ள ஏரோப்ளேனா? சும்மா இரு, வனமாலா.”

ஜவரய்யா அப்படிச் சொன்னாரே தவிர, அவர்தான் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மண்டியாவிலிருந்து காலை பஸ் பிடித்து, மனைவியைக் கைப்பிடித்து மைசூர் தியேட்டருக்கு அழைத்து வந்தது இந்தப் படத்துக்காக. படத்துக்காகக்கூட இல்லை, அதில் வரும் ஒரே ஒரு காட்சிக்காக.

ஒரு காலத்தில் கன்னட நாட்டையே ஆட்டி வைத்த உளவாளிப் படம் அது. வெளியான வருஷம் மைசூரில் கறுப்புக் கண்ணாடி போடாத இளைஞனைப் பார்ப்பதே கஷ்டம். மழை கொட்டினாலும் கழற்ற மாட்டார்கள். பால்காரன்கூடக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சந்தேகமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பால் ஊற்றுவானாம். இப்போது அந்தப் படத்தைப் புதுசாகக் கழுவித் துடைத்து மறுபடி திரையிட்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் வனமாலா வெட்கத்தோடு சொன்னதை ஜவரய்யா மறக்கவே இல்லை. “அந்தப் படத்துல உளவாளி ஏரோப்ளேன்லேர்ந்து இறங்குவான் இல்ல? வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டத்துல நின்னு கையசைக்கிற பொண்ணு நான்தான். ரெண்டே செகண்டு.”

சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவருக்கு அன்று முதல் தலைகால் புரியவில்லை. ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார். படம் பார்த்தவர்களில் நாலு பேர், “ஆமாம், அண்ணியைப் பார்த்தோம்” என்று அடித்துச் சொன்னார்கள்.

அவருக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. டூரிங் டாக்கீஸில் வந்தபோது வனமாலாவுக்கு வயிற்றுவலி. டிவியில் போட்ட ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. மறுமுறை போட்டபோது தங்கை வீட்டுக்குப் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இப்படியே ஐம்பது வருஷம் ஓடி, கடைசியில் படம் வாய்த்தபோது அவள் கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், நிறம் கொஞ்சம் தெரியும். ஆள் தெரியாது.

“நீ கவலைப்படாதே. நான் பார்த்துச் சொல்றேன்” என்றார் ஜவரய்யா.

விளக்கு அணைந்தது. திரையில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கரைந்து ஓடின. மழை பெய்யும் ஜன்னல் வழியாக யாருடைய கனவையோ பார்ப்பதுபோல வனமாலா பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் வந்தது, பாட்டு வந்தது, துப்பாக்கிச் சத்தம் வந்தது. எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. பத்தொன்பது வயது வனமாலா ஒருத்தி அந்த நிறங்களுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவளை நினைக்க நினைக்க வனமாலாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இடைவேளையில் பக்கத்து சீட் கல்லூரிப் பெண் மத்தூர் வடையோடு திரும்பினாள்.

“அம்மா, நீங்க இந்தப் படத்துல நடிச்சிருக்கீங்களாமே! ஐயா வடைக்காரர்கிட்டச் சொல்லிட்டிருந்தார்.”

“வடைக்காரன்கிட்டயுமா?” வனமாலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆனா இதுல பன்னிரண்டு நிமிஷம் இல்லையாம், அம்மா. பழைய பிலிம் கெட்டுப்போச்சாம். என் சினிமா வகுப்புல சொன்னாங்க.”

வனமாலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ, ஏரோப்ளேன் கூட்டம்?”

“தெரியலையே. சில துண்டு போயிருக்கலாம்.”

“போயிருந்தா போகட்டும்” என்றாள் வனமாலா சட்டென்று. “இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அதுல என்ன இருக்கு?”

“போகட்டுமா?” ஜவரய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் பொண்டாட்டிய வெட்டுறதுக்கு எவனுக்குத் தைரியம்?”

ஆனால் அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கிவிட்டது. வடையைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டார். பாவம், எவ்வளவு ஆசையாக வந்தாள் என்று அவருக்கு மனசைப் பிசைந்தது.

மறுபடி இருட்டு. சற்று நேரத்தில் தூரத்து விமானச் சத்தம் தியேட்டர் முழுக்க நிறைந்தது.

“ஏங்க, வீட்டுக்குப் போயிடலாமா? தலை சுத்துது.”

“இதோ நீ வரப்போறே. ஒரு நிமிஷம் பொறு.”

விமானம் இறங்கியது. கூட்டம் ஆரவாரித்தது. முன்வரிசையில் விசில் பறந்தது. வனமாலா, தெரியாத கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். ஜவரய்யாவின் விரல்கள் அவள் கையைப் பற்றியிருந்தன. அவர் கழுத்தை நீட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஆரவாரம் அடங்கத் தொடங்கியது.

“என்னங்க?” அவள் குரல் எழும்பவே இல்லை. “நான் இருக்கேனா?”

“இருக்கியாவா? ஏய், என்ன அழகுடி நீ!” ஜவரய்யா அவள் காதருகே குனிந்தார். “நீலப் புடவை. ரெட்டைச் சடை. தலை நிறையக் கனகாம்பரம். முந்தானை காத்துல பறக்குது. கூட்டத்துல எல்லாரும் அவனையே பார்க்கிறாங்க. நீ மட்டும் திரும்பி, நேரா என்னைப் பார்த்துக் கையசைக்கிறே.”

வனமாலா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அந்தக் காட்சியை எடுத்த அன்று அவள் பெங்களூரில் தன் பிறந்த வீட்டு மொட்டை மாடியில் அப்பளம் காய வைத்துக்கொண்டிருந்தாள். விமான நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.