சின்னப்பராஜ் பிடுங்கிய வேலி

முதலில் தப்புச் செய்தவன் பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பராஜ்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், செங்கோட்டையன் அப்பனுக்குத் திதி கொடுக்கப் பவானி கூடுதுறைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, பொதுவில் நின்ற கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டான். வேலியில் கை வைப்பதென்றால் ரெண்டு தோட்டத்துக்காரரும் கூட நிற்கவேண்டும். அதுதான் வழக்கம்.

அவன் மூஞ்சியில் விழிக்கக் கூடாதென்று, செங்கோட்டையன் கம்பிக்கு இந்தப் பக்கம், தன் மண்ணில், மறுபடியும் கிளுவைக் குச்சி நட்டார். இன்றைக்கு அது ஆள் உயரம் தாண்டி, கோவைக்கொடி படர்ந்து, அடைசலாக நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு ஒரு பெண் வந்தாள்.

"ஏனுங்க ஐயா, என் பேரு மதிவதனிங்க. பறவைக் கணக்கெடுக்கறேன். இங்க மஞ்சள் தொண்டைச் சின்னான் வருதுங்களா?"

"கழுத்து மஞ்சளா, பாறை இடுக்குல ஒளிஞ்சுட்டுப் பாடுமே, அதுங்களா அம்மணி?"

"அதேதானுங்க. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பாறையை உடைக்க உடைக்க அதுவும் குறைஞ்சுட்டே போகுது."

செங்கோட்டையனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாறைக் கரடு சின்னப்பராஜின் பட்டா. நேற்றுத்தான் பாறை உடைக்க மெஷின் வந்து இறங்கியது.

"வா கண்ணு, நானே காட்டறேன். குருவியையும் எடு, மெஷினையும் எடு. அவன் மேல கேஸ் போட்டே ஆகோணும்."

"ஐயா, நான் வந்ததே..."

"அதெல்லாம் அப்புறம். அவன் சர்ச்சுக்கு, ஞாயித்துக்கெழமைப் பூசைக்குப் போயிருக்கான். வாரதுக்குள்ள முடிச்சுப்போடோணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"மெதுவாப் போங்க, முள்ளு."

"ஒம்பது வருஷமா மெதுவாத்தான் போனேன்."

வேலியோரம் வந்ததும் அவள் உதட்டில் விரல் வைத்தாள். கோவைப்பழத்தைக் கொத்திக்கொண்டு ரெண்டு மஞ்சள் தொண்டைகள். ஒன்று தலையைத் தூக்கிப் பாடியது. அவள் அடுத்தடுத்துப் படம் எடுத்தாள்.

செங்கோட்டையன் வேலிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தார். கரட்டடி காலியாக இருந்தது.

"மெஷின் எங்க?"

"நேத்து ராத்திரியே திருப்பி அனுப்பிட்டாருங்க. என்னை வரச்சொன்னதே சின்னப்பராஜ் ஐயாதான். பாறையை உடைக்கறதில்லைன்னு எழுதியே கொடுத்துட்டாரு."

"அவனா?"

"ஆமாங்க. 'பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியிலதான் இதுக தீனி எடுக்குது. அவர் நட்டிருக்காட்டி இதுக இங்க தங்கியிருக்காது. முதல்ல அவர் பேரை எழுதுங்க'ன்னாரு."

செங்கோட்டையன் மடித்த வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார்.

"எழுதிக்க" என்றார். "அவன் பேரையும் எழுதிக்க. ஆனா, அன்னிக்கு வேலியப் புடுங்கினது தப்புன்னு ஒரு வார்த்தை அவன் இன்னும் எங்கிட்டச் சொல்லல. அதைச் சொல்ற வரைக்கும் இந்த வேலியில ஒரு குச்சியக்கூட நான் வெட்ட உடமாட்டேன்."