காலி டிஸ்க்

ரூபஸ் ஏழு வருடம் கடலோரம் அலைந்து பதிவு செய்த பறவைக் குரல்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் இருந்தன. தன் பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற முறையில் அவன் அதைப் பூட்டி வைத்திருந்தான்.

அவன் கப்பல் வேலைக்குப் போன பிறகு, கல்யாண வீடியோவை ஏற்ற இடமில்லாமல் தங்கை ஜெசிந்தா அந்த டிஸ்க்கை எடுத்துத் தன் புது லேப்டாப்பில் செருகினாள்.

"யார் நீ?" என்றது லேப்டாப்.

"பூட்டியிருக்கிறேன். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக் கொடு, திறக்கிறேன்," என்றது டிஸ்க்.

லேப்டாப்புக்கு அது வெறும் இரைச்சலாகக் கேட்டது. "இதில் ஒன்றுமே இல்லை. துடைத்து ஃபார்மட் செய்யட்டுமா?" என்றது ஜெசிந்தாவிடம்.

"அண்ணன் எதையாவது வச்சிருக்கப் போறான். நல்லாப் பாரு."

லேப்டாப் மறுபடி கேட்டது. டிஸ்க் மறுபடி சொன்னது. இதற்கு முன் வேறு இரண்டு கம்ப்யூட்டர்களிடமும் இதையே சொல்லிச் சொல்லி அதற்கு அலுத்திருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது, அது பேசாமல் சுழன்றுகொண்டிருந்தது.

"காலிதான்," என்றது லேப்டாப்.

ஜெசிந்தா 'சரி' என்பதை அழுத்தினாள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"இப்போது சொல், யார் நீ?"

"புது டிஸ்க். ஐந்நூறு ஜிபி இடம் இருக்கிறது," என்று கணீரென்று பதில் வந்தது.

"இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவன் இத்தனை நேரம் ஏன் உளறினாய்?"

டிஸ்க் யோசித்துப் பார்த்தது.

"நானா? எப்போது?" என்றது.