குப்பை சேரச் சேர

‘ரூ காய்’ என்ற தெருவிலிருந்த சாப்பாட்டுக்கடையில் எதிரே இருந்து தோசை சாப்பிட்ட வின்சன்ற், கஜந்தினியிடம் அவளுடைய மூளை ஆராய்ச்சியைப் பற்றி விடாமல் கேட்டார்.

“மூளைக் கலத்திலை பழுதான புரதம் குப்பை மாதிரிச் சேரும், அண்ணை. அதை உடைச்சு அகற்றாட்டி மறதி வரும்.”

“எத்தினை நாள் அகற்றாமல் விடலாம்?”

“ஒரு நாளும் விடேலாது. ஏன், வீட்டிலை ஆருக்கேன் மறதியோ?”

“ஒருத்தருக்கு இருக்கு. தந்த வாக்கையே மறந்துபோறார்.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. “கெதியாய்க் கவனியுங்கோ.”

“ஓம், திங்கட்கிழமை எல்லாருமாப் போறம்.”

சொன்னதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை கஜந்தினியால் வீட்டு வாசலைக் கடக்க முடியவில்லை. நான்கு நாள் குப்பைப் பைகள் இடுப்பளவுக்குக் கிடந்தன. ஒருவாறு தாண்டி வந்தால், தெருமுனையில் வேலைநிறுத்தத்தில் நின்ற குப்பை லொறிகள். முதல் லொறியில் அவள் பெயரோடு பதாகை: ‘குப்பை அகற்றாவிட்டால் மூளை பழுதாகும்.’

லொறிப் படியில் பச்சைச் சீருடையோடு நின்ற வின்சன்ற் கையசைத்தார்.

“தங்கச்சி, உங்கடை ஆராய்ச்சி பிழை! குப்பை சேரச் சேரத்தான் முதலாளிக்கு ஞாபகம் வருது. லொறிக்கு இன்னொரு ஆள் போடுறனெண்டு ரெண்டு வருசத்துக்கு முந்திச் சொன்னவர். இண்டைக்கு ஞாபகம் வந்திட்டுதாம்!”